விருந்தினரும் காலை உணவு மேசையும்

சிறு நகரமொன்றில், நாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி, பயணிகளுக்குத் தங்கும் வசதியும் காலை உணவும் அளித்து வருகிறோம். படுக்கை விரிப்புகளைத் துவைப்பதும் முன்பதிவுகளைச் சரிபார்ப்பதும் பழகிவிட்டால் எளிதே. விருந்தினருடன் எவ்வளவு பேசுவது, எப்போது விலகி நிற்பது என்பதை அறிவதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி என்று கருதுகிறேன்.

நெடும்பயணம் முடித்து மாலையில் வந்து சேர்பவருக்கு உரையாடலைவிட அறைச் சாவியும் வெந்நீரும்தான் முதலில் தேவைப்படுகின்றன. அதே மனிதர், நன்றாக உறங்கி எழுந்து காலை உணவுக்கு வரும்போது, அருகில் எங்கே நடந்துவிட்டு வரலாம், எந்தப் பாதை மழையில் சேறாகிவிடும், சூரிய உதயத்தை எங்கிருந்து பார்ப்பது நல்லது என்றெல்லாம் ஆர்வத்துடன் கேட்கிறார். இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்வதைவிடச் சிறந்த உபசரிப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

உணவு ஒவ்வாமை பற்றி முன்பதிவின்போதே கேட்டுவிடுகிறோம். நிலக்கடலை, பால், முட்டை போன்றவை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகக்கூடும்.

தனியே உண்ண விரும்புவோருக்கு (அவர்களும் நல்ல விருந்தினரே) ஜன்னலோரம் ஒரு சிறு மேசை உண்டு. பொது மேசையில் அமரும் அறிமுகமற்றவர்களிடம் முதல் கேள்வியை நானே தொடங்கி, அவர்களுக்குள் பேச்சு வளர்ந்ததும் சமையலறைக்குத் திரும்பிவிடுகிறேன்.