ஓவியத்துக்கு விலை வைப்பது

விலை கேட்கப்படும்போது ஓவியர்களில் பலர் வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆளுக்கொரு விலை என்ற பேச்சு பரவிய பிறகு, அவர்கள் சொல்லும் எந்த விலையும் நம்பப்படுவதில்லை. ஆகவே அளவை அடிப்படையாகக் கொண்ட ஒரு கணக்கு தேவைப்படுகிறது. சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று பெருக்குவது பரவலான முறைதான் என்றாலும், 10க்கு 12 அங்குல ஓவியம் 120 சதுர அங்குலமாகவும், 30க்கு 40 அங்குல ஓவியம் 1,200 சதுர அங்குலமாகவும் இருப்பதால், பெரியதன் விலை பத்து மடங்காகிவிடும். நீளத்தையும் அகலத்தையும் கூட்டிக் கணக்கிட்டால் 22க்கு 70, அதாவது மூன்று மடங்கைச் சற்றே தாண்டும். உழைப்பின் வித்தியாசத்துக்கு இதுவே நெருக்கமானது என்பது என் கருத்து.

நேரத்தை மட்டும் வைத்து விலை நிர்ணயிப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் கை தேறத் தேற விலை குறைய வேண்டியிருக்கும். 1878இல், தன் ஓவியத்தைப் பழித்து எழுதிய விமர்சகர் மீது ஓவியர் விஸ்லர் தொடுத்த அவதூறு வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி (அக்கால ஆங்கிலேயப் பண அளவு) கேட்கிறீர்கள் என்று வினவப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்காகவே கேட்கிறேன் என்ற பொருளில் அவர் பதிலளித்தார். (வழக்கில் வென்ற அவருக்குக் கிடைத்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி, என்பது வேறு கதை.)

கலைக்கூடங்கள் பல விற்பனைத் தொகையில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பங்கையும் உள்ளடக்கிய விலையையே நேரடியாக வாங்க வருபவருக்கும் சொல்ல வேண்டும்; வெளியே பாதி விலைக்கு விற்பவரின் படங்களை மீண்டும் மாட்டக் கலைக்கூடங்கள் தயங்கும். சட்டகச் செலவை மட்டும் இறுதியில் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.