ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை: அம்மாவின் எலும்பு வைத்தியம்

அம்மாவுக்கு 63 வயது. கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டவர்கள் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர் நின்ற இடத்திலேயே விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பின் பலத்தையே சோதிக்க வேண்டும். அதை எங்களுக்குச் சொன்னது, கட்டு பிரித்த பிறகு கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட்தான்.

எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லை. படுக்க வைத்து மேலே ஒரு கருவியை நகர்த்துவார்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. இலவச முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கிற கருவி வேறு, அதை நம்பி வைத்தியம் ஆரம்பிக்க முடியாது. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர், அதாவது இளவயதுக்காரர் எலும்போடு ஒப்பிட்டுப் போடுகிற மதிப்பெண். மைனஸ் 1 வரை இயல்பு, அங்கிருந்து மைனஸ் 2.5 வரை எலும்பு அடர்த்தி குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை. அம்மாவுக்கு முதுகெலும்பில் மைனஸ் 3.2.

“எனக்குப் போட்டாங்களே, வருஷத்துக்கு ஒரு ஊசி, அதைப் போட்டுட்டா முடிஞ்சுது” என்றார் சித்தி. நாங்களும் அந்த ஊசியை மனதில் வைத்துத்தான் ஹார்மோன் டாக்டரிடம் போனோம்.

அவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, “அம்மா, கீழ உக்காந்து எந்திரிங்க பாப்போம்” என்றார். மேசைக்காலைப் பிடிக்காமல் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டை விரலால் அழுத்தினார். அம்மா ‘ஸ்ஸ்’ என்று காலை இழுத்துக்கொண்டார். இடுப்புவலி, தொடைவலி, அசைந்து அசைந்து நடப்பது எல்லாவற்றையும் வயசுக் கோளாறு என்று வீட்டில் எல்லாருமே எடுத்துக்கொண்டிருந்தோம்.

ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி 7 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. பாஸ்பரஸ் குறைவு, எலும்புக் கோளாறில் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்படேஸ் என்கிற என்சைமும், எலும்பைக் கரைத்து ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றுகிற பாராதைராய்டு ஹார்மோனும் ஏகத்துக்கு அதிகம். இது ஆஸ்டியோமலேசியா, எலும்பு மெதுவாகிப்போகிற நோய் என்றார் டாக்டர். ஆஸ்டியோபோரோசிஸில் எலும்பின் அளவே குறைந்துபோகும். ஆஸ்டியோமலேசியாவில் கம்பி கட்டிவிட்டு கான்கிரீட் போடாத மாதிரி, சட்டம் இருக்கும், அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகாது. டெக்ஸா அளப்பது தாதுவை மட்டும்தான் என்பதால் இரண்டுக்குமே ஸ்கோர் இறங்கித்தான் காட்டும்.

சித்தி சொன்ன ஊசி சோலெட்ரோனிக் ஆசிட். எலும்பு கரைவதை அது தடுக்கும். விட்டமின் டி இவ்வளவு குறைவாக இருக்கும்போது ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பதே எலும்பிலிருந்து கரைந்து வருவதுதான். அந்த நேரத்தில் ஊசியைப் போட்டால் ரத்தக் கால்சியம் சட்டென்று இறங்கி, கைகால் இழுத்துக்கொள்ளும், வலிப்புகூட வரலாம். டெக்ஸா ரிப்போர்ட்டை மட்டும் காட்டி ஊசி கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்தியம் என்னவோ எளிமைதான். வாரம் ஒரு முறை 60,000 யூனிட் விட்டமின் டி பவுடரைப் பாலில் கலந்து எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று. வாரத்துக்கு ஒன்றை தினம் ஒன்று என்று குடித்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு, அதனால் காலண்டரில் குறித்து வைத்தோம். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அம்மா காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவர். இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதால் கால்சியம் மதியத்துக்கும் ராத்திரிக்கும் போனது. வெயிலும் சொன்னார்கள், காலை பத்து மணிக்கு மேல். விடியற்கால இளவெயிலிலும் கண்ணாடி ஜன்னல் வழியே வருகிற வெயிலிலும் பெரிதாகப் பலன் இல்லையாம். பத்து மணி வெயிலில் நிற்க அம்மா சம்மதிக்கவே இல்லை, அது வேறு கதை.

தொடைவலிதான் முதலில் விட்டது. அப்புறம் ஒருநாள் அரிவாள்மனையில் காய் நறுக்கிவிட்டு, சுவரைத் தொடாமல் எழுந்து போனார். ஆல்கலைன் பாஸ்படேஸ் இறங்கத்தான் மாதக்கணக்கில் ஆனது.

அடுத்த வருடம் எடுத்த டெக்ஸாவில் மைனஸ் 2.6. நன்றாகவே ஏறியிருந்தது, ஆனாலும் மணிக்கட்டு முறிந்த கணக்கு இருக்கிறதே. விட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு இப்போதுதான் ஊசி என்றார் டாக்டர். தாடை எலும்பில் அபூர்வமாகப் பிரச்சினை வரும் என்பதால் ஆடிய கடைவாய்ப்பல்லை முன்பே எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்தோம். 5 மில்லிகிராம் மருந்து, அரை மணி நேர ட்ரிப்ஸ். ராத்திரி காய்ச்சலும் உடம்புவலியும் வந்தது. முதல் டோஸுக்கு இது சகஜம் என்று சொல்லியிருந்ததால் பாரசிட்டமாலும் கஞ்சியுமாகச் சமாளித்துவிட்டார்.

மூன்று வருட டோஸ் முடிந்ததும், தொடர்வதா நிறுத்துவதா என்று மறுபடி பார்ப்பார்களாம். அதுவரை மாதப் பவுடர் நிற்காது.