மலையில மோட்டார் டிரைவ் வாங்குறவங்க கவனத்துக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரியில எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு.

விதரிங் ட்ரஃப் (பச்சைத் தேயிலையை வாட வைக்கிற தொட்டி) ஃபேனுக்கு விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ், வாங்கும்போது எச்பி மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீங்க. மோட்டார் நேம் பிளேட்டில் இருக்கிற ஆம்பியரைப் பாருங்க. டிரைவோட ஆம்பியர் அதுக்குக் கீழே போகக் கூடாது.

நம்ம மலைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. பெரும்பாலான டிரைவுக்கு ரேட்டிங் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதுக்கு மேல காற்று மெலிசு, சூடு சரியா இறங்காது. அதுக்கு மேல ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஆம்பியரில் சுமார் 1% கழிக்கணும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அப்போ 20 ஆம்பியர் டிரைவ் இங்கே 18 சொச்சம்தான். குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், உண்மைதான். ஆனா மூடின பேனலுக்குள்ள அந்தக் குளிர் எங்க இருக்கு!

ஃபேன் வேகத்தை 80% ஆக்கினா பவர் ஏறக்குறைய பாதியாகிடும். இலையை நசுக்கிக் கிழிக்கிற சிடிசி ரோலர் அப்படியில்ல, மெதுவா ஓடினாலும் முழு டார்க் (சுழற்றும் விசை) கேட்கும். அதுக்கு டிரைவோட ஹெவி டியூட்டி (கனமான வேலைக்கான) ரேட்டிங்கைப் பார்த்து எடுங்க.

சிங்கிள் ஃபேஸ் கப்பாசிட்டர் மோட்டாருக்குச் சாதாரண விஎஃப்டி மாட்டவே வேண்டாம். சிங்கிள் ஃபேஸ் லைன்தான் இருக்குன்னா, 230 வோல்ட்டுக்கு டெல்டா இணைப்பில் கட்டக்கூடிய சின்ன த்ரீ ஃபேஸ் மோட்டாரும், சிங்கிள் ஃபேஸ் இன்புட் டிரைவும் போடலாம்.