அரைக் குளிசை

திருகோணமலை டவுனுக்க ஒரு பாமசியில வேல செய்யிறன், ஒம்பது வருசமாச்சு. கவுண்டர்ல நிண்டா ஒரு நாளைக்கு எத்தின தரம் பனடோல் கார்ட்ட கையில எடுப்பன் எண்டு கணக்கே இல்ல, எந்தக் கொம்பனியிட பரசிட்டமோலா இருந்தாலும் எங்கட ஆக்களுக்கு அது பனடோல்தான். சேலைன் செத்தாப் பிறகு அந்தக் கார்ட்டத் தொடவே கை கூசும், ஆனா அதத் தொடாம பாமசியில என்ன வேல செய்யிறது.

சேலைன் எண்டது பூனை. கடைக்குப் பின்னால சேலைன் போத்தல் வந்த பெட்டிக்குள்ள குட்டியா கிடந்தவர், அதால அந்தப் பேர். பகல்ல கடைப்படியில இருப்பார், பின்னேரம் என்னோட ஸ்கூட்டியில உப்புவெளிக்கு வருவார். எங்கட ஊர் மானுகள் தெரியும்தானே, மாடு மாதிரி ரோட்டால திரியும், நாங்க வெளிய போட்ட காட்போட் பெட்டிய தின்ன வந்தா இவர் படியில இருந்தபடியே உறுமுவார். பிறந்த வீட்டத் திங்கிறாங்கள் எண்ட கோவமோ என்னவோ.

போன நவம்பர் மழைக்குள்ள எங்கயோ போய்ச் சண்டை பிடிச்சு கால்ல கடி வாங்கிக்கொண்டு வந்து படுத்திட்டார். தொட்டாச் சுடுது. சூடை மீன் பொரிச்சுக் குடுத்தும் மணந்து பாத்திட்டு தலையத் திருப்பிட்டார். நான் அரைக் குளிசைய நுணுக்கி தண்ணியில கரைச்சு சிரிஞ்சால வாயில விட்டன். அவ்வளவுதான் நான் செய்தது.

சின்னப் பிள்ளைக்கு சிரப் கேட்டு வந்தா நிறை என்ன எண்டு கேட்டு, கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல போகாம கணக்குப் பாத்துத்தான் குடுக்கிறனான். சேலைன் 4 கிலோ வருவார், நான் குடுத்தது 250 மில்லிகிராம். அண்டைக்கு அந்தக் கணக்கு ஏன் என்ட தலைக்குள்ள ஓடேல்ல எண்டு இப்பவும் விளங்கேல்ல, ஓடியிருந்தாலும் பிழைதான், ஏனெண்டா பூனைக்கு அதில பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு கிடையாது.

விடியப் பாத்தா முகம் வீங்கியிருக்கு, முரசு தேத்தண்ணிச் சாயம் மாதிரி கறுத்துப் போயிருக்கு, மூச்சு இழுக்குது. மிருக டொக்டர் வாயத் திறந்து பாத்திட்டு முதல் கேட்ட கேள்வி, "என்ன மருந்து குடுத்தீங்க?" நான் சொன்னன். நான் எங்க வேல செய்யிறன் எண்டத மட்டும் சொல்லேல்ல. பரசிட்டமோல உடைச்சு வெளிய அனுப்புற நொதியம் பூனையிட ஈரல்ல மனிசருக்கு இருக்கிற மாதிரி இல்லையாம், மிஞ்சிற நஞ்சு ரத்தத்தப் பழுதாக்கும், பிறகு ரத்தம் ஓடினாலும் ஒட்சிசனக் கொண்டு போகாது. அதுக்கு மாத்து மருந்து அசிட்டைல்சிஸ்டீன். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு வயித்தப் பிரட்டினது. சளிக்கு தண்ணியில கரைச்சுக் குடிக்கிற குளிசை, எங்கட கடையில மூண்டாவது தட்டில இருக்கு. டொக்டர் அதக் குடுத்துப் பாத்தவர்தான், ஆனா நேரம் போயிட்டுது, மத்தியானம் தாண்டேல்ல.

வீட்டு வளவுக்க ஒரு முழம் தோண்டவே தண்ணி ஊறினது. கொஞ்சம் மேட்டுல வேற இடம் பாத்துத் தாட்டம்.

அடுத்த நாள் வேலைக்குப் போனன். பூனை செத்ததுக்கு லீவு கேக்க எனக்கே வெக்கமா இருந்தது. முதலாளி "எலி மருந்து திண்ட எலியப் பிடிச்சுத் திண்டிருக்கும்" எண்டார், நானும் "இருக்கும்" எண்டிட்டன். கூட வேல செய்யிற தம்பி "பூனைதானே அக்கா, ஊருக்குள்ள எத்தின குட்டி கிடக்கு" எண்டான், அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னவன், அதில எனக்கு நோகேல்ல. அந்த "இருக்கும்" தான் மூண்டு கிழமையா தொண்டைக்குள்ள நிண்டது. கடைசியில எங்கட பாமசிஸ்ட் மிஸ்ஸிட்ட, ரெண்டு பேரும் ஸ்டொக் எண்ணிக்கொண்டிருக்கேக்க, சொல்லிட்டன். அவ எண்ணின பெட்டிய கீழ வச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. பிறகு, "எனக்கும் தெரியாது பிள்ள, நாங்க மனிசருக்குத்தானே படிச்சம்" எண்டா. அண்டைக்குத்தான் கடைக்குள்ள வச்சு அழுதன்.

இப்ப பனடோல் கேட்டா "ஆருக்கு?" எண்டு கேப்பன். சனத்துக்கு எரிச்சல்தான். கிண்ணியாவில இருந்து வாற ஒரு ராத்தா "ஏன் பிள்ள, இனி பனடோலுக்கும் டொக்டர் துண்டு வேணுமா" எண்டு கேட்டுச் சிரிச்சா. அப்பிடி எல்லாரும் "எனக்குத்தான்" எண்டு சொல்லிப் போக, போன மாசம் ஒரு ஐயா மட்டும் சாதாரணமா "வீட்டுப் பூனைக்கு" எண்டார். நீட்டின கார்ட்ட திருப்பி எடுத்திட்டன். விளக்கமெல்லாம் சொன்னன், மிருக டொக்டரிட்ட கொண்டு போங்க எண்டன், அவர் கேட்டமாதிரியும் தெரியேல்ல, காசை எடுத்துக்கொண்டு வெளிய இறங்கிட்டார். எங்கட ரோட்டில மட்டும் நாலு பாமசி இருக்கு.