தட்டில் இருந்த பன்றிக்கறி

சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த கரையான் புற்றுதான். 1960-ல், 26 வயதில், கையில் பட்டம்கூட இல்லாமல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போனவர், தாடி நரைத்த ஒரு சிம்பன்சி புல் தண்டைப் புற்றுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்டு வந்த கரையான்களை உதட்டால் வழித்துத் தின்பதைப் பார்த்தார். கருவி செய்வது மனிதன் மட்டும்தான் என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. அந்த சிம்பன்சிக்கு டேவிட் கிரேபியர்ட் என்று பேர் வேறு வைத்தார். ஆராயும் விலங்குக்கு எண்தான் கொடுக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் குறை சொன்னார்களாம், நல்லவேளை அவர் கேட்கவில்லை.

பண்ணைகளில் விலங்குகளை அடைத்து வளர்ப்பதைப் பற்றிப் படித்த பிறகு, தட்டில் இருந்த பன்றிக்கறியில் பயமும் வலியும் சாவும்தான் தெரிந்தது என்று பின்னால் சொன்னார். அன்றோடு இறைச்சியை விட்டார், அப்புறம் பாலும் முட்டையும் போயின.

கோம்பேயைச் சுற்றி மொட்டையாகிப்போன மலைகளை விமானத்திலிருந்து பார்த்தவர், அங்குள்ள மக்களின் வறுமையைத் தொடாமல் காட்டைக் காப்பாற்ற முடியாது என்று 1994-ல் கிராமங்களோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். 2025 அக்டோபரில், 91 வயதில் இறந்தபோதும் சொற்பொழிவுப் பயணத்தில்தான் இருந்தார்.