இரண்டாவது ஸ்ட்ரெயினைத் தேடி

புதிய இனமோ என்று நான் ஆராயும் ஈஸ்ட் ஒன்று, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே வளாகத்தில் ஒரு பலா மரத்தின் இலையில்தான் எனக்குக் கிடைத்தது. இலைத் துண்டைப் பெட்ரி தட்டின் மூடிக்கு உள்பக்கம் வாஸ்லைன் தொட்டு ஒட்டிவிட வேண்டும். கீழே ஈஸ்ட் வளர்வதற்கான ஒய்.எம் அகார் என்ற கூழ், பாக்டீரியா வராமலிருக்கக் கொஞ்சம் குளோராம்ஃபெனிக்கால். இலைமேல் வாழும் சில ஈஸ்ட்கள் தம் வித்துகளைத் தாமே எறியும். அவை அகாரில் விழுந்து முளைக்கும். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால், இலைத் துண்டின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள். வெயிலைத் தாங்க உதவும் கரோட்டினாய்டு நிறமிதான் அந்த நிறம். எத்தனை தட்டு பார்த்தாலும் எனக்கு அது சலிக்கவில்லை.

புதியதா என்று பார்க்க, ஈஸ்ட் இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் 26எஸ் ஆர்.ஆர்.என்.ஏ மரபணுவின் டி1/டி2 பகுதியைப் படித்தோம். ஏறக்குறைய 600 டி.என்.ஏ எழுத்துகள். முதல்முறை காலனி கலப்படமாகி வரிசை குழம்பி வந்தது. திரும்பவும் கீறி வளர்த்து அனுப்பினேன். மிக நெருங்கிய இனத்தோடு 11 எழுத்துகள் வித்தியாசம். 1998இல் கர்ட்ஸ்மேன், ராப்நெட் என்ற ஆய்வாளர்கள் ஆஸ்கோமைசீட் என்ற பூஞ்சைப் பிரிவின் ஈஸ்ட்களை ஒப்பிட்டு, 1 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு இனமாக இருக்கலாம் என்றார்கள். எங்களுடையது பசிடியோமைசீட் என்ற வேறு பிரிவு, அதனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பாமல் ஐ.டி.எஸ் என்ற இன்னொரு டி.என்.ஏ பகுதியையும் படித்தோம். அதிலும் விலகியே நின்றது.

நான் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னபோது என் ஆய்வு வழிகாட்டியான மேடம் கேட்டது ஒன்றுதான்: "இன்னொரு ஸ்ட்ரெயின் எங்கே?"

அவர் கேட்டது நியாயம். ஸ்ட்ரெயின் என்றால் ஓரிடத்தில் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்த ஒரு வகை. ஒரே ஒரு ஸ்ட்ரெயினை வைத்து எழுதினால், எது இனத்தின் குணம், எது அந்த ஒன்றுக்கு மட்டுமான விசேஷம் என்று எப்படிப் பிரிப்பது? மார்ச் முதல் மே வரை அதே மரம், பக்கத்து மரங்கள், எல்லாவற்றிலும் இலை பறித்தேன். ஒன்றும் வரவில்லை. காய்ந்த இலையில் ஈஸ்ட் குறைந்துவிடும் என்று படித்திருந்தும் மனசு கேட்கவில்லை.

வழி காட்டியவர் தோட்டத்தில் வேலை பார்க்கும் தர்மபுரிக்கார அண்ணன். "இலைக்கு என்னம்மா சீக்கு?" என்றார். "சீக்கு இல்லண்ணே, கள்ளு புளிக்க வைக்குதே ஈஸ்ட், அதுக்குத் தூரத்துச் சொந்தம் ஒண்ணு இலை மேல இருக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பம்ப் ஷெட் பக்கத்து மரத்தைப் பாரு. அங்க வெயில் லேட்டாத்தான் வரும், பத்து மணி வரைக்கும் இலை ஈரமா இருக்கும்" என்றார். செப்டம்பர் மழைக்குப் பிறகு அந்த மரத்திலிருந்துதான் இரண்டாவது ஸ்ட்ரெயின் வந்தது. டி1/டி2 எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அன்று ஆய்வகத்திலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் எந்தச் சர்க்கரையில் வளரும், எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்ற சோதனைகளில் வாரக்கணக்காகப் போனது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனம் என்றால் அதற்கென அறிவிக்கப்பட்ட சேமிப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியும் கொடுக்க வேண்டும். நாங்கள் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துக்கு அனுப்பினோம். இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள், சான்று வரும்வரை கட்டுரை நகராது. இனத்துக்கு ஆதாரமான ஹோலோடைப் என்ற மூல மாதிரி, உயிர்ச்செயல்பாடு நிறுத்தப்பட்ட நிலையில், அதாவது உறைநிலையில் உலர்த்தியோ ஆழ்ந்த குளிரில் உறையவைத்தோ, இருக்க வேண்டும். சாதாரண அகார் சாய்வில் வளரும் கல்ச்சர் செல்லாது. லத்தீன் விவரணை 2012இலிருந்து கட்டாயமில்லை, ஆங்கிலம் போதும். ஆனால் 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தின் எண் இல்லாமல் பெயர் செல்லாது.

பெயர் அச்சேறாததால் இங்கே சொல்லவில்லை. கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர் மூன்றாவது ஸ்ட்ரெயின் உண்டா என்று கேட்டிருக்கிறார். மழை பிடித்துவிட்டது. நாளைக் காலை எட்டு மணிக்குப் பம்ப் ஷெட் பக்கம் போகிறேன்.