டனலிங் கணக்கு: தடையைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பார்த்தேன்

காரைக்குடியில் கடைக் கணக்குக்காக வைத்திருக்கும் எக்செலில்தான் இந்த வேலையும் நடக்கிறது. எலக்ட்ரானின் ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு); எதிரே 2 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் ஒரு சதுரத் தடை, அதாவது தாண்ட அவ்வளவு ஆற்றல் கேட்கும் இடம். பழைய இயற்பியலில் அது திரும்பித்தான் வர வேண்டும். குவாண்டம் இயற்பியலில் அதன் அலை தடைக்குள் தேய்ந்துகொண்டே போகும். மறுபக்கம் மிஞ்சுவதை வைத்து ஊடுருவும் நிகழ்தகவு கிடைக்கும். இப்படி ஊடுருவுவதுதான் டனலிங்.

எளிய விதி இது: தடை உயரத்தில் எலக்ட்ரானின் ஆற்றலைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதை 10.25ஆலும், நானோமீட்டரில் சொன்ன அகலத்தாலும் பெருக்க வேண்டும். அந்த எண்ணைக் கழித்தல் குறியோடு எக்செலின் எக்ஸ்ப் (EXP, அடுக்குக்குறி) சார்பில் போட்டால் விடை வரும். 1 நானோமீட்டர் அகலத்துக்கு 0.000035 வந்தது. சதுரத் தடைக்குத் துல்லியமான சூத்திரமே இருக்கிறது, அது 0.00014 என்றது, அதாவது நான்கு மடங்கு. சரி, 4ஆல் பெருக்கினால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்புறம் அகலத்தை 0.1 நானோமீட்டராக்கினேன். அந்த 4ஐச் சேர்த்ததும் 1.44 வந்து நின்றது. எம்.எஸ்சி. படிக்கும் அக்கா மகள் எட்டிப் பார்த்து, "அம்மான், நிகழ்தகவு ஒண்ணைத் தாண்டுமா?" என்றாள். தாண்டாது, துல்லியமான விடை 0.78. தடை மெலிதாக இருந்தால் மறுவிளிம்பில் பட்டுத் திரும்பும் அலையும் உள்ளே கலக்கிறது, தோராய விதியோ அதை விட்டுவிடுகிறது. எக்ஸ்பில் போடும் எண் 1ஐ ஒட்டி வந்தாலே இந்த விதியை நம்பக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது வளைந்த தடை. 1926இல் வென்ட்செல், கிராமர்ஸ், பிரில்லுவான் ஆகியோர் தந்த முறைப்படி, தடையைக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் உயரத்தில் ஆற்றலைக் கழித்து எடுத்த வர்க்கமூலத்தைக் கீற்றின் அகலத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கவிழ்த்த பரவளையம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். உச்சி எலக்ட்ரானின் ஆற்றலைவிட 1 எலக்ட்ரான் வோல்ட் அதிகம்; அந்த ஆற்றல் மட்டத்தில் அகலம் 1 நானோமீட்டர். 20 கீற்றுகளின் கூட்டுத்தொகை 0.788. உண்மையான மதிப்பு பையில் (π) கால் பங்கு, 0.785. வட்டமே இல்லாத இடத்தில் பை வந்து நிற்பதைப் பார்த்து அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

அதை 10.25ஆல் பெருக்கி, முன்போலவே எக்ஸ்பில் போட்டால் நிகழ்தகவு 0.00032. இருபுறமும் இறங்கிக்கொண்டே போகும் பரவளையத்துக்கான துல்லிய விடையும் இதேதான். இங்கே 4ஆல் பெருக்கத் தேவையே இல்லை! சதுரத் தடையின் செங்குத்தான விளிம்புகள்தான் அந்த 4ஐக் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் எலக்ட்ரானின் ஆற்றல் உச்சியைத் தொட்டால் கீற்றுக் கணக்கு 1 என்கிறது. துல்லிய விடை அதில் பாதிதான், 0.5.

அடுத்தது ஆல்ஃபா சிதைவு: அணுக்கரு ஒன்று ஆல்ஃபா துகளை (ஹீலியம் அணுக்கருவை) வெளியே விடுவது. 1928இல் இயற்பியலாளர் காமோவ் டனலிங்கால் விளக்கியது. பொலோனியம்-212இன் ஆல்ஃபா துகளின் ஆற்றல் 8.78 மெகா (பத்து லட்சம்) எலக்ட்ரான் வோல்ட், அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) 0.3 மைக்ரோ விநாடி. தோரியம்-232க்கு 4.01, ஆனால் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டு. கூலும் தடையை (அணுக்கருவும் ஆல்ஃபாவும் மின்விசையால் ஒன்றையொன்று தள்ளுவதால் வரும் தடை) கீற்றாக வெட்டி, இந்த இரண்டு அரை ஆயுள்களுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசத்தை எக்செலிலேயே கொண்டுவர முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன்.